வெள்ளியின் மின்முனை அழுத்தத்தை இரண்டால் பெருக்காதீர்கள்

தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்களின் முன்னோட்டத் தேர்வுத் தாள்களைத் துணைப்பாட வகுப்பில் அலசும்போதெல்லாம், துத்தநாகமும் வெள்ளியும் சேர்ந்த மின்வேதிக் கலத்தின் நியம அழுத்தம் 2.36 வோல்ட் என்ற தவறான விடை யாரேனும் ஒருவரது தாளிலாவது இருக்கும். இவ்வாண்டு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அதையே எழுதியிருப்பதால், இனியும் பொறுத்திருக்க மனமில்லாமல் இதை எழுதுகிறேன்.

துத்தநாகத்தின் நியம மின்முனை அழுத்தம் (எலெக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தைக் காட்டும் அளவு) −0.76 வோல்ட், வெள்ளியின் அழுத்தம் +0.80 வோல்ட். தேர்வில் கையிலேயே தரப்படும் தரவுக் கையேட்டில் இரண்டும் இருக்கின்றன. விடை 1.56 வோல்ட். துத்தநாகம் இரண்டு எலெக்ட்ரான்களை இழக்க, ஒரு வெள்ளி அயனி ஒன்றை மட்டுமே ஏற்பதால், வெள்ளியின் அரைவினையை (ஒரு மின்முனையில் மட்டும் நடக்கும் வினையை) இரண்டால் பெருக்கிச் சமன்செய்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் அதே வேகத்தில் 0.80ஐயும் இரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். வினைகளின் வெப்ப மாற்றங்களைக் கூட்டிக் கணக்கிடும் ஹெஸ் விதியைப் படித்தபோது வெப்ப மாற்றத்தைப் பெருக்கிய கை, இங்கும் சும்மா இருப்பதில்லை.

ஒரு வோல்ட் என்பது ஒரு கூலோம் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல். வினையின் அளவை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், கடந்துசெல்லும் மின்னூட்டமும் இரட்டிக்கும். ஆகவே அவற்றின் விகிதமான அழுத்தம் அப்படியே நிற்கும். நம்பிக்கை வராதவர்கள் எந்தப் பேரங்காடியிலும் மெல்லிய ஏஏஏ காரமின்கலத்தையும் தடித்த டி காரமின்கலத்தையும் எடுத்துப் பார்க்கலாம்: இரண்டின் மீதும் 1.5 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கும். தடித்ததில் வேதிப்பொருள் பல மடங்கு அதிகம் என்பதால் அது நெடுநேரம் உழைக்கும், அவ்வளவுதான்.

எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு உரிய இடம் கிப்ஸ் ஆற்றல் கணக்கு, அதாவது வினையிலிருந்து பெறக்கூடிய பயனுள்ள ஆற்றலின் கணக்கு. இரண்டு மோல் எலெக்ட்ரான்கள், ஒரு மோலுக்கு 96,500 கூலோம், 1.56 வோல்ட் ஆகிய மூன்றையும் பெருக்கி எதிர்க்குறி இட்டால் ஏறத்தாழ −301 கிலோஜூல் வரும். முன்பே அழுத்தத்தைப் பெருக்கியவர் எலெக்ட்ரானை இருமுறை எண்ணுகிறார். இதன் மறுபக்கத்தையும் கெட்டிக்கார மாணவர்கள் கவனிக்க வேண்டும். இரும்பு(III) அயனி இரும்பு(II) அயனியாவதற்கு +0.77, இரும்பு(II) அயனி உலோகமாவதற்கு −0.44, இவற்றைக் கூட்டி, இரும்பு(III) அயனி நேரே உலோகமாவதற்கு +0.33 என்று எழுதுவதும் பிழையே. கிப்ஸ் ஆற்றல் வழியாகப் போனால்தான் −0.04 கிடைக்கும்.

எலெக்ட்ரானை இழக்கும் மின்முனையின் குறியை மாற்றிக் கூட்டும் குறுக்குவழியையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதற்றத்தில் குறியையும் மாற்றி, பிறகு கழிக்கவும் செய்து, 0.04 வோல்ட் என்று முடிப்பவர்கள் உண்டு. ஒடுக்கம் (எலெக்ட்ரானை ஏற்றல்) நடக்கும் மின்முனையின் மதிப்பிலிருந்து ஆக்சிஜனேற்றம் (எலெக்ட்ரானை இழத்தல்) நடக்கும் மின்முனையின் மதிப்பை, கையேட்டில் உள்ளபடியே, கழியுங்கள். ஆக்சிஜனேற்றம் எப்போதும் ஆனோடில்தான். மின்கலத்தில் ஆனோடு எதிர்முனை (−), மின்னாற்பகுப்பில் நேர்முனை (+).

அழுத்தம் நேர்க்குறி என்றால் வினை விரைந்து நடக்கும் என்று எழுதாதீர்கள். பெராக்சோடைசல்பேட் அயனிக்கும் அயோடைடு அயனிக்கும் இடையிலான வினைக்கு +1.47 வோல்ட் இருந்தும், இரு அயனிகளும் ஒரேபோல எதிர்மின்னூட்டம் (−) கொண்டு ஒன்றையொன்று விலக்குவதால் அது மெதுவாகவே நடக்கிறது. அதனால்தான் இரும்பு அயனியை வினையூக்கியாகச் சேர்க்கிறோம்.

கலத்தின் இரு கரைசல்களையும் இணைக்கும் உப்புப்பாலத்தின் வழியே எலெக்ட்ரான்கள் செல்வதில்லை, அயனிகளே செல்கின்றன. செய்முறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலுக்குள் பொட்டாசியம் குளோரைடு தோய்த்த வடிதாளை உப்புப்பாலமாக வைத்துவிட்டு, வெள்ளி குளோரைடின் வெள்ளை வீழ்படிவைப் பார்த்துத் திகைக்காமல், பொட்டாசியம் நைட்ரேட்டைப் பயன்படுத்துங்கள்.