பாதி எரிந்த கரியும் பாதி எரிந்த சர்க்கரையும்

நவம்பர் கடைசியில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டால், தலைவலி என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "ராத்திரி கரிச்சட்டியை எங்கே வைக்கிறீங்க?" காய்ச்சல், பிரஷர், கண்ணாடி பவர் எல்லாம் அப்புறம். புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள். பழகியவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே, "வெளியிலதான் டாக்டரம்மா" என்பார்கள். அதில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது என்னுடைய தவறு ஒன்று. குன்னூர் பக்கம் நான் கிளினிக் போட்ட இரண்டாவது குளிர்காலம். ஒரு காலை, எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து (தேயிலைத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) அம்மா, அப்பா, பத்து வயதுப் பெண், அவள் தம்பி என நான்கு பேரும் சேர்ந்து வந்தார்கள். எல்லோருக்கும் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. யாருக்கும் காய்ச்சல் இல்லை. முந்தின நாள் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டிருந்தார்கள். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன், ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டியது. பிரியாணிதான் காரணம் என்று முடிவுகட்டி, ஓஆர்எஸ் பொட்டலமும் வாந்திக்கு ஊசியும் கொடுத்து, "வீட்டுக்குப் போய் நல்லாப் படுத்துத் தூங்குங்க" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு குழறியது. நடை தள்ளாடியது. பகலெல்லாம் நன்றாக இருந்தாளாம், காலையில்தான் இப்படியாம். பிரியாணி விஷம் அப்படி நேரம் பார்த்து வருவதில்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பெண் குழந்தை அவளாகவே சொன்னாள்: "எங்க கோழிக்குஞ்சு நாலும் செத்துப்போச்சு. குளிருமேன்னு அடுப்புப் பக்கத்துலதான் கூடையில வச்சிருந்தோம்."

எந்த அடுப்பு என்று கேட்டபோதுதான் கரிச்சட்டி விஷயம் வெளியே வந்தது. ஒற்றை அறை. பனிக்காற்றுக்குப் பயந்து ஜன்னல் சந்திலெல்லாம் துணி திணித்திருந்தார்கள். நடுவில் தணல்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவிகளைக் கூண்டில் வைத்திருந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் சொன்ன யோசனை அது. சின்ன உயிருக்கு மூச்சு வேகம், உடம்புக்குள் எரியும் வேகமும் அதிகம். அதனால் விஷக்காற்று மனிதனைச் சாய்க்கும் முன் குருவியைச் சாய்த்துவிடும். அந்த லயன் வீட்டில் குருவிக்குப் பதில் கோழிக்குஞ்சு. எச்சரிக்கை வந்தது, அதை வாசிக்க வேண்டிய நான்தான் பிரியாணியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

சரி, தணல் எப்படி ஆளைச் சாய்க்கிறது? "அறையில ஆக்சிஜன் தீர்ந்துபோகும்" என்று பலர் சொல்கிறார்கள். அது கதையின் ஓரம்தான். உண்மையான கதை நம் செல்லுக்குள் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மினி பஸ் கண்டக்டரை நினைத்துக்கொண்டால் போதும்.

நாம் தின்னும் சோறு, கிழங்கு எல்லாம் குளுக்கோஸாகி ரத்தத்தில் வருகிறது. குளுக்கோஸ் என்பது ஐந்நூறு ரூபாய் நோட்டு மாதிரி. மதிப்பு உண்டு, ஆனால் செல்லுக்குள் எந்த வேலையும் நோட்டை வாங்காது. சில்லறைதான் கேட்கும். அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏடிபி. (1929இல் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். கல்லூரியில் கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர் என்பார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் ஒரு வரிகூட இல்லை.)

நோட்டை மாற்றும் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. முதல் இடம் செல்லின் பொதுவெளி. பத்துப் படிகளில் ஒரு குளுக்கோஸ் இரண்டாக உடைந்து பைருவேட் ஆகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. கையில் மிஞ்சுவது 2 ஏடிபி. அடுத்த இடம் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னச் சின்னப் பைகள். அங்கே பைருவேட் கார்பன் டை ஆக்சைடாகச் சிதைக்கப்படுகிறது. அப்போது உருவப்படும் எலக்ட்ரான்கள், வாளி கைமாற்றித் தீயணைக்கிற வரிசை போல, ஆள் மாற்றி ஆள் கைமாறிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் சக்தி பிடிக்கப்படுகிறது. வரிசையின் கடைசி ஆள் ஆக்சிஜன். எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். முழுக் கணக்கும் முடியும்போது ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 30 ஏடிபி. பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும், இப்போது 30, 32 என்று குறைத்துக் கணக்கிடுகிறார்கள்.

நாம் மூச்சு வாங்குவது முழுக்க அந்தக் கடைசி ஆளுக்காகத்தான். அவர் வராவிட்டால் வரிசை முழுக்க நின்றுவிடும், முன்னால் இருப்பவர் கையில் வாளி அப்படியே இருக்கும். செல் சும்மா இருக்காது. எலக்ட்ரானை யாரிடமாவது தள்ள வேண்டுமே என்று பைருவேட்டிடமே தள்ளிவிடும். அது லாக்டேட் ஆகும். இதனால் அந்த 2 ஏடிபி வேலையாவது ஓடும். மீதிச் சில்லறை? சில்லறை இல்லாத கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார் இல்லையா, அந்த டிக்கெட்தான் லாக்டேட். சக்தியின் பெரும்பகுதி அதற்குள் இன்னும் இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் இதயம் அதை எரித்துக்கொள்ளும், கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக்கும்.

கொழுந்துக் கூடையைச் சுமந்து மேடேறும் தொழிலாளியின் தொடையில் இது தினமும் நடக்கிறது. அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. மறுநாள் வரும் கால்வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று யூடியூபில் சொல்வதை நம்பாதீர்கள். உழைப்பை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் அது ரத்தத்திலிருந்து பெரும்பாலும் போய்விடும். வலி, தசைநாரில் விழும் நுண்ணிய காயங்களால் வருவது.

ஆக்சிஜன் இல்லாத வழியை நம்பியே பிழைக்கிற உயிர்களும் உண்டு. அவற்றில் சிலதான் நம் இட்லி மாவைப் பொங்க வைக்கின்றன. ஊட்டியில் மாவு புளிக்காமல், கம்பளி சுற்றி வைத்து மன்றாடுகிறோமே, அந்தப் பாக்டீரியாக்களுக்குக் குளிர் ஆகாது. தேயிலை ஃபேக்டரியில் "ஃபெர்மெண்டிங்" என்று சொல்வது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பெயர்தான் அப்படி. அங்கே இலைச்சாறு ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கிறது, கிருமிக்கு வேலை இல்லை.

ரத்தச் சிவப்பணுவும் இந்தக் கூட்டம்தான். அதற்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. உடம்பு முழுக்க ஆக்சிஜன் சுமக்கிறது, தனக்கென்று ஒரு துளி எடுப்பதில்லை. பால்காரன் வீட்டில் வரக்காப்பி போல.

மூளையின் நிலைமை நேர் எதிர். எடையில் உடம்பின் 2 சதவீதம். ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கு. ஏடிபியைச் சேமித்து வைக்க இடம் இல்லை, அன்றாடங்காய்ச்சி மாதிரி அவ்வப்போது சம்பாதித்துச் செலவழிக்கும். 30 வருமிடத்தில் 2 வந்தால் குடும்பம் நடத்த முடியாது. அதனால்தான் முதலில் தலை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது, பேச்சு குழறுகிறது.

இப்போது கரிச்சட்டிக்கு வருகிறேன். கரியும் குளுக்கோஸ் மாதிரிதான். தாராளமாகக் காற்று கிடைத்தால் முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். கிடைக்காவிட்டால் பாதி எரிந்து நிற்கும். அந்தப் பாதி எரிந்த பொருள் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. நம் மக்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். புகை வரும் விறகைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நன்றாகக் கனன்று புகையடங்கிய தணலை, "இனிமே ஒண்ணும் பண்ணாது" என்று உள்ளே எடுத்து வருகிறார்கள். புகையடங்கிய அந்தத் தணல்தான் விடியவிடிய மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருக்கும்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜனைவிட இதன்மேல் 200 மடங்குக்கும் மேல் பிடிப்பு. காற்றில் கொஞ்சம் இருந்தாலும் போதும், ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும். பக்கத்து இடங்களில் ஏறியிருக்கும் ஆக்சிஜனையும், போய்ச்சேர்ந்த இடத்தில் இறங்கவிடாமல் இறுக்கும். மைட்டோகாண்ட்ரியாவிலும் புகுந்து, அந்த வரிசையின் கடைசிக் கைமாற்றையே தடுக்கும். சட்டியில் கரி பாதி எரிகிறது, அதனால் தூங்குகிறவரின் செல்லில் சர்க்கரையும் பாதியோடு நிற்கிறது. தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடுவதால், எழுந்து கதவைத் திறக்கும் அறிவும் கையும் ஒன்றாகப் போய்விடுகின்றன.

என் ஆக்சிமீட்டர் 98 காட்டியதற்குக் காரணமும் இதுவே. சாதாரண ஆக்சிமீட்டர் ஒளியை வைத்து நிறம் பார்க்கும் கருவி. மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் நல்ல சிவப்பு. இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்பதுவரை அதற்குத் தெரியும், யார் என்று தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இந்தக் கருவி இருக்கிறது. கரிச்சட்டி வைத்த அறையில் அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமான ஆக்சிஜன்தான் இங்கே கிடைக்கும். பழகிய உடம்பு சமாளித்துக்கொள்கிறது. நேற்று சமவெளியிலிருந்து வந்தவருக்கும், ரத்தசோகை உள்ள பெண்ணுக்கும் அந்த அளவு கையிருப்பு கிடையாது. கர்ப்பிணிகள் மிக மிகக் கவனம். குழந்தையின் ஹீமோகுளோபின் மோனாக்சைடைத் தாயைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அம்மா எழுந்து உட்கார்ந்த பிறகும் வயிற்றில் ஆபத்து தீராது.

சுற்றுலா வருகிறவர்களிடம் தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. விடுதி முற்றத்தில் பார்பிக்யூ போட்டுவிட்டு, மிச்சக் கங்கை "ரூம் சூடாகட்டும்" என்று உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடிந்த பிறகு கதவை உடைத்துத் திறந்த அறைகளின் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். காற்றுப்போக்கு இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே கதைதான்.

யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து, அவரை வெளியே இழுத்து வாருங்கள். உள்ளேயே உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் நீங்களும் சாய்வீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, "கரிப்புகை கேஸ்" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். மருந்து ஆக்சிஜன்தான். வெறும் காற்றில் ரத்தத்தின் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். தெளிந்துவிட்டார் என்று பாதியில் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள், சில வாரம் கழித்துக்கூட மறதியும் தடுமாற்றமும் வரலாம்.

அந்தக் குடும்பத்தைக் கோவைக்கு அனுப்பினோம். நால்வரும் பிழைத்தார்கள். அந்த அம்மாவுக்குப் பல மாதம் பேர்கள் மறந்துபோயின. கொழுந்து நிறுக்கும்போது கிலோக்கணக்கு மறந்து அழுதிருக்கிறாள். நான் முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டாம் ராத்திரி அந்த அறையில் அவள் படுத்திருக்க மாட்டாள்.

பிறகு அந்த லயனில் ஒரு நாள் கூட்டம் போட்டு இதையெல்லாம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரு பாட்டி எழுந்தார். "நீங்க சொல்றது சரிதான் டாக்டரம்மா. கதவைத் தொறந்து வச்சா குளிருக்குக் கரி எதுக்கு?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது, அவர் வீட்டில் ஓட்டைத் தகரம். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை எனக்கு. அப்புறம் சேர்ந்து பேசி ஒரு வழிக்கு வந்தோம். சாயங்காலம் வாசலில் எல்லோரும் தணலைச் சுற்றி உட்கார்ந்து நன்றாகக் காய்வது, படுக்கப் போகும்போது சட்டியை அங்கேயே விட்டுவிடுவது. அந்தத் தணலில் காய்ச்சிய வெந்நீரை ரப்பர் பையிலோ பாட்டிலிலோ ஊற்றித் துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்வது. தூங்குமுன் ஒரு முறை ஜன்னல் சந்தைப் பார்த்து, துணி திணித்திருந்தால் எடுத்துவிடுவது.

அடுத்த வாரம் பாட்டி கிளினிக்குக்கு வந்தார். பாட்டிலில் ஊற்றிய வெந்நீர் நள்ளிரவு ஒரு மணிக்கே ஆறிவிடுகிறதாம். இரண்டாவது கம்பளிக்கு எஸ்டேட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.