பிணப்பதிவு வேண்டாம், திரி தூண்டல் இருக்கிறது

போன வாரம் 'பிணப்பதிவு' என்ற சொல்லை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அப்பா தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகளை, இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்ற ஒருவர் வழி தேடியிருக்கிறார். தேடுபொறி காட்டியது தமிழ் இணைய மன்றம் ஒன்றில் கிடந்த 11 ஆண்டுப் பழைய உரையாடல் ஒன்றை. அதன் அடியில் போய் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். கொஞ்ச நேரத்தில் மன்றத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் வந்து, "பிணப்பதிவு செய்யாதீர்கள்" என்று எழுதிவிட்டுப் பூட்டுப் போட்டுவிட்டார். அப்பாவின் எழுத்தைக் காப்பாற்ற வந்தவரிடம் பிணம் என்று பேசுகிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆங்கிலத்தில் இதை நெக்ரோபோஸ்டிங் என்கிறார்கள். ஓய்ந்துபோன உரையாடலில் பல மாதமோ பல ஆண்டோ கழித்துப் பதில் எழுதி, அதை மறுபடி பட்டியலின் உச்சிக்குக் கொண்டுவருவது. அதன் முதல் பாதி, நெக்ரோமான்சி என்ற பழைய சொல்லை நினைவூட்டுவது. நெக்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் பிணம். மான்தேயா என்றால் குறி சொல்வது. இரண்டும் சேர்ந்த நெக்ரோமான்சி, இறந்தவரை அழைத்து வருங்காலம் கேட்கும் வித்தை. இடைக்கால லத்தீனில் அதைக் கறுப்பு நிறத்தைக் குறிக்கும் 'நிகெர்' என்ற சொல்லோடு குழப்பி, நிக்ரோமான்சியா என்று எழுதி, பில்லி சூனியம் ஆக்கிவிட்டார்கள். பிறகு அந்த மந்திரவாதி கணினி விளையாட்டுகளுக்குள் புகுந்தார். 2000இல் வந்த டயாப்லோ 2 ஆடியவர்களுக்கு, எலும்புக்கூடுகளை எழுப்பிச் சண்டைக்கு அனுப்பும் நெக்ரோமான்சரைத் தெரியாமல் இருக்காது. ஆக, ஆங்கிலச் சொல்லுக்குள் மாயாஜாலக் கதையின் விளையாட்டுத்தனம் இருக்கிறது. நிரலாளர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தில் 60 நாளுக்கு மேல் கிடந்த கேள்விக்கு விடை எழுதி 5 புள்ளி பெற்றால், நெக்ரோமான்சர் என்ற வெள்ளிப் பதக்கமே கொடுக்கிறார்கள். அங்கே அது பாராட்டு.

பிணப்பதிவில் அந்த விளையாட்டுத்தனம் போய்விட்டது, பிணம் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் பிணம் என்பது மந்திரக் கதைச் சொல் இல்லை. துக்க வீட்டில்கூட நாம் அதை வாயில் எடுப்பதில்லை. உடல் என்போம், எடுத்தாச்சா என்று கேட்போம். அந்தச் சொல்லைத்தான் சந்தேகம் கேட்டவர்மேல் எறிகிறோம்.

பதிவு என்பதும் இங்கே கெடுதல்தான் செய்கிறது. தனியே நின்றால் இணையத்தில் எழுதியது என்று எவரும் புரிந்துகொள்வார்கள். ஆனால் பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு, பத்திரப் பதிவு என்று பெயர்ச்சொல்லோடு ஒட்டும்போது அது அலுவலகப் பேரேட்டில் ஏற்றுவதாகிவிடும். முன்பின் தெரியாத ஒருவரிடம் பிணப்பதிவு என்றால் அவர் பிணவறைக் கணக்கைத்தான் நினைப்பார். இடுகை என்ற நல்ல சொல் கையில் இருந்தும் அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பிணஇடுகை என்பது இடுகாட்டைத்தான் நினைவூட்டும். முதல் பாதி சரியில்லாதபோது இரண்டாம் பாதியை மாற்றிப் பயனில்லை.

'ஆவியெழுப்பல்' என்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆவி என்றால் இட்லிப் பானைக்கும் பொருந்தும். அதை விட்டுவிடலாம்.

இவ்வளவுக்கும் நாம் தேட வேண்டிய சொல் வாசலிலேயே கிடக்கிறது. தமிழ் மன்றங்களில் ஓர் உரையாடல் தொடரைத் திரி என்று எழுதிப் பழகியிருக்கிறோம். திரி தொடங்கியவர், இந்தத் திரியில், திரியைப் பூட்டுங்கள் என்றெல்லாம் ஆயிரம் முறை எழுதியாயிற்று. இழை என்பாரும் உண்டு, அதிலும் குறையில்லை. நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறது. பேச்சை நூலாகப் பார்ப்பது நமக்கு ஆங்கிலம் கற்றுத்தந்ததில்லை. ஆனால் இழை அறுந்தால் முடிச்சுத்தான் போடலாம். திரிக்கு அதைவிடப் பொருத்தமான ஒரு வினை கூடவே வருகிறது. முறுக்கியதால் திரி, முறுக்கிய திரி விளக்கில் எரிவது, மங்கினால் தூண்டுவது. அதற்கென்றே ஒரு குச்சி, தூண்டுகோல்.

திருமறைக்காட்டுக் கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலியின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மூக்கு சுட்டதும் அது துள்ளியதில் மங்கிக்கொண்டிருந்த திரி மேலேறிச் சுடர் பெரிதாயிற்று. அந்தப் புண்ணியத்தில் எலி மூவுலகை ஆண்ட மகாபலியாகப் பிறந்தது என்பார்கள். அப்பர் இதைக் குறுக்கை வீரட்டப் பதிகத்தில் பாடும்போது 'கனன்று தூண்ட' என்கிறார். அணையப்போன திரியை, அதுவும் தெரியாமல், மேலே தள்ளியதற்கு மூவுலகம் கிடைத்த மொழி இது. அந்த மொழியில் உட்கார்ந்துகொண்டு பழைய திரிக்குப் பதில் எழுதியவரைப் பிணம் தோண்டியவராக்குகிறோம்.

ஆகவே என் சொல் திரி தூண்டல். தூண்டினேன், தூண்டியவர், தூண்டாதீர்கள் என்று எந்த வடிவிலும் உடைந்துபோகாமல் நடக்கும்.

சரி, எல்லாத் தூண்டலும் நல்லதா என்றால் இல்லை. எண்ணெய் வற்றிய விளக்கில் எவ்வளவு தூண்டினாலும் திரிதான் கருகும். ஆறு ஆண்டு கழித்து வந்து "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதுவது அப்படித்தான்; கேட்டவரும் சொன்னவரும் எப்போதோ போயிருப்பார்கள். அதே பிரச்சினைக்கு விடை கண்டுபிடித்து வந்து எழுதுவது எண்ணெயோடு வருவது. "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதி, எப்படிச் சரியானது என்று சொல்லாமல் போன திரிகளில் நான் இழந்த இரவுகள் அதிகம். அங்கே யாராவது பத்து ஆண்டு கழித்து வந்து வழி சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவேன். பாமினி, டிஸ்கி, 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் வந்த டாப், டாம் என்று யூனிகோடுக்கு முன்னால் தமிழைக் கணினியில் எழுத நாம் பயன்படுத்திய பழைய குறியாக்கங்களைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய திரிகளில்தான் கிடக்கிறது. கேள்வி கொஞ்சம் வேறாக இருந்தால் புதுத் திரி தொடங்கிப் பழையதற்குச் சுட்டி கொடுப்பது மேல். எப்படியானாலும் முழுவதும் படித்துவிட்டு எழுத வேண்டும். ஆண்டைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

அப்புறம், முடிந்துபோன சண்டையை நாலு ஆண்டு கழித்து வந்து தொடர்கிறவர்கள். இவர்கள் செய்வதைத் தூண்டல் என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்கும் நம்மிடம் சொல் உண்டு: கிளறல். குப்பையைக் கிளறுகிறான், புண்ணைக் கிளறுகிறான் என்கிறோமே, அதுதான். ஆங்கிலம் நல்லதையும் கெட்டதையும் நெக்ரோ என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறது. தமிழ் இரண்டையும் பிரித்துச் சொல்லும்போது, மட்டுறுத்துநருக்கு வேலை பாதியாகக் குறைகிறது.

நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். அயல்சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதி பார்த்து ஒட்டுகிறார்கள். சாஃப்ட்வேருக்கு வந்த மென்பொருள் அப்படிப் பிறந்தும் வாழ்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிரவுசருக்கு உலாவி என்று வைத்தவர் ஆங்கிலத் துண்டை எண்ணவில்லை, அந்தக் கருவியோடு நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்தார். பழைய திரிக்குப் பதில் எழுதுகிறவர் என்ன செய்கிறார் என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் பிணம் நினைவுக்கு வந்திருக்காது.

மட்டுறுத்துநர்கள் வேண்டுமானால் இந்த அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "இந்தத் திரியில் கடைசியாக எழுதி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. புதிதாகச் சொல்ல இருந்தால் தூண்டுங்கள். பழைய சண்டையைக் கிளறாதீர்கள்."