பேஸ்லைனுக்குப் போக அவசரப்படாதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டென்னிஸ் பந்தைத் தொடாத பிள்ளை குறைவு; டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்ட பிள்ளை அதைவிடக் குறைவு. மென்பந்து கிரிக்கெட் செய்த வேலை அது. ஆகவே இங்கே டென்னிஸ் பழக வருபவர்களுக்குப் பந்தைக் கவனிக்கும் கண்ணும் எறிந்து பழகிய தோளும் ஏற்கெனவே இருக்கும். கூடவே துடுப்பாட்டப் பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். சிக்கல் அதில்தான்.

துடுப்பாட்டத்தில் பந்தைக் கண்ணுக்கு நேர்கீழே, உடம்போடு ஒட்டி அடிக்கிறோம். டென்னிஸ் ஃபோர்ஹாண்டில், அதாவது ராக்கெட் பிடித்த கைப்பக்கத்து அடியில், பந்து முன்காலுக்கும் சற்று முன்னே இருக்கும்போதே ராக்கெட் பட்டாக வேண்டும். உடம்பருகே வரும்வரை காத்திருந்தால் ராக்கெட்டின் முகம் திறந்துகொள்ளும், பந்து வெளியே பறக்கும். அதைச் சரிக்கட்டப் பிள்ளைகள் மணிக்கட்டைத் திருப்பத் தொடங்குவார்கள். பேஸ்லைனில், அதாவது கோர்ட்டின் பின்னெல்லைக் கோட்டில், நின்று பலமாக அடிக்கும்போது இந்தப் பிழை பிடிபடாது. ஐந்தில் ஒன்று அழகாக விழும், அதுவே மனதில் நிற்கும்.

ஆகவே முதல் சில வாரங்கள் சேர்விஸ் பெட்டியளவிலேயே ஆடுங்கள்; வலைக்கும் சேர்விஸ் கோட்டுக்கும் இடையே, ஆட்டத்தைத் தொடங்கும் அடியான சேர்விஸ் விழவேண்டிய இடம் அது. வலையிலிருந்து சேர்விஸ் கோடு 6.40 மீற்றர். இருவரும் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னே நின்று, பந்து பெட்டிக்குள் மட்டுமே விழும்படி மெதுவாக மாற்றி மாற்றி அடியுங்கள். இலக்கு, தவறாமல் 20 தடவை அடிப்பது. இடையில் தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து. எண்ணாமல் ஆடினால் அது பொழுதுபோக்கு, பயிற்சி அல்ல.

இதில் எல்லோரும் செய்யும் பிழை, தூரம் குறைவென்று ராக்கெட்டை வீசாமல் பந்தைக் குத்துவது. வீச்சு முழுதாக இருக்கட்டும், வேகம் மட்டும் குறையட்டும். கைப்பிடி இறுக்கம் பத்துக்கு மூன்று, நான்கு போதும். பந்து தரையில் படும்போது ‘குத்து’ என்றும் ராக்கெட்டில் படும்போது ‘அடி’ என்றும் உரத்துச் சொல்லச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், பரவாயில்லை. ‘அடி’ என்ற சொல் சத்தத்துக்குப் பிந்தி வந்தால் பந்தைப் பிந்தித்தான் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இதற்கு டென்னிஸ் கோர்ட் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. பாடசாலை வலைப்பந்துத் திடல் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். குறுக்கே ஒரு கயிற்றை நடுவில் 91 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டி, வெண்கட்டியால் பெட்டி கீறினால் போதும். பத்து வயதுக்குட்பட்டோருக்கு வழக்கமான பந்தைவிட 75 வீதம் மெதுவான சிவப்புப் பந்து இருக்கிறது. கிடைக்காவிட்டால் காற்றுப்போன பழைய பந்தே அந்த வேலையை ஓரளவு செய்யும்.

கால்வேலையைப் பந்தில்லாமலே பழகலாம். எதிராளி அடிக்கும் கணத்தில் இரு கால்களையும் தோளகலத்துக்கு விரித்து ஒரு சிறு துள்ளல். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும்போது கால்கள் தரையில் இருக்க வேண்டும். உயரமாகத் துள்ளினால் தரைக்கு வருமுன்னே பந்து கடந்துவிடும். இதைக் கல்லடிக் கடற்கரையில் பழக வேண்டாம். மணலில் ஓடினால் காலுக்குப் பலம் வரும், ஆனால் துள்ளலின் எதிர்விசையை மணல் விழுங்கிவிடும்.

துணையாளர் இல்லாத நாளுக்குச் சுவர். 91 சென்ரிமீற்றரில் ஒரு கோடு, அதற்கு மேலே 150 அளவில் இன்னொன்று கீறி இரண்டுக்கும் நடுவே அடியுங்கள். பலர் சுவரை நெருங்கி நிற்பார்கள். பந்து விரைந்து திரும்புவதால் வீச்சு சுருங்கிப்போகும். எட்டு மீற்றர் தள்ளி நின்று, பந்தை இருமுறை குத்தவிட்டு அடித்தால் தயாராக நேரம் கிடைக்கும்.

பேஸ்லைனுக்குப் போன பிறகு குறுக்கடியை, அதாவது மூலைக்கு மூலை அடிப்பதை, முதலில் பழகுங்கள். வலை கம்பத்தருகே 107 சென்ரிமீற்றர், நடுவில் 91. ஒற்றையர் கோர்ட்டின் நேர்நீளம் 23.77 மீற்றர், மூலைக்கு மூலை 25.15. வலை தணிந்த இடத்தால், கூடுதல் தூரத்துக்கு அடிப்பதால் பிழைக்கு இடம் அதிகம். பக்கக்கோட்டிலிருந்தும் பேஸ்லைனிலிருந்தும் ஒன்றரை மீற்றர் உள்ளே ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை வைத்து அதைக் குறிபாருங்கள். கோட்டையே குறிவைப்பவர்கள் பாதியை வெளியே அடிப்பார்கள்.

பந்து தரையில் படுமுன்பே அடிக்கும் வொலிக்கு ஒரே பயிற்சி: வேலிக்கு முதுகு காட்டி ஒட்டி நின்று அடியுங்கள். ராக்கெட் பின்னே போனால் வேலியில் இடிக்கும்.

சேர்விஸைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். எல்லையிலிருந்து பந்தை எறிகிற களத்தடுப்பாளரின் கையசைவுக்கும் சேர்விஸுக்கும் நெருங்கிய உறவு: முழங்கை மடங்கி, தோள் திரும்பி, கடைசியில் கை நீள்கிறது. பந்துவீச்சுக் கை அதற்கு நேர்மாறு. நீட்டிய கையோடு சுழற்றும் பந்துவீச்சாளர்கள் அதையே சேர்விஸுக்குக் கொண்டுவந்து தோளை நோகடித்துக்கொள்கிறார்கள். முதல்நாள் ராக்கெட்டைக் கொடுக்காமல், பேஸ்லைனில் நின்று பந்தை எதிர்ப்பெட்டிக்குள் கையால் எறியவிடுங்கள்.

அடுத்தது தூக்கிவிடுதல். முன்காலுக்கு ஓரடி முன்னே ராக்கெட்டைத் தரையில் வையுங்கள். பந்தைத் தூக்கி, அடிக்காமல் விடுங்கள். பத்தில் ஏழு தடவையாவது ராக்கெட்டின்மேல் விழவேண்டும். விரல்களால் உருட்டி எறிந்தால் பந்து சுழன்று விலகும். விரல்நுனிகளில் பிடித்து, கையை மடக்காமல் உயர்த்தி, கண்ணுயரத்தில் விடுங்கள். மே முதல் கச்சான் காற்று எழும் மாதங்களில் உயரமாகத் தூக்குவது வீண். நீட்டிய ராக்கெட்டின் உச்சியைச் சற்றுத் தாண்டினால் போதும்.

பிடி, சுத்தியலால் ஆணி அடிக்கும் பிடி. ஃபோர்ஹாண்ட் பிடியோடே சேர்விஸ் போட்டால் ராக்கெட் முகம் வானம் பார்க்கும். “கீழே அடி” என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதும் தவறுதான். ஈர்ப்பைக் கணக்கில் எடுக்காமல் நேர்கோடு கீறிப் பாருங்கள்: வலையின் நடுவைத் தொட்டுக்கொண்டு சேர்விஸ் கோட்டில் விழ, பந்தை ஏறக்குறைய 2.6 மீற்றர் உயரத்தில் அடித்தாக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையை நீட்டினாலும் அந்த உயரத்தை எட்டாது. ஆகவே பந்து மேல்நோக்கிக் கிளம்பி வளைந்தே இறங்க வேண்டும். சேர்விஸ் கோட்டில் நின்று தொடங்கி, பத்தில் ஏழு உள்ளே விழுந்தால் இரண்டடி பின்னே போவது என்று பேஸ்லைன்வரை நகருங்கள்.

நேரம் காலை 6 முதல் 8 வரை, அல்லது மாலை 4.30க்குப் பிறகு. பகல் வெயிலில் சிமெந்துத் தரை பழக்கத்தைக் கெடுக்கும், ஆளையும் வாட்டும். தாகம் எடுக்குமுன்பே, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மாரிமழையில் நனைந்த பந்து கனக்கும், அதை அடிக்க வேண்டாம். அந்த நாட்களில் விறாந்தையில் தூக்கிவிடுதலும் துள்ளலும் பழகலாம்.

முழங்கையின் வெளிப்பக்கம் நொந்தால், கேத்தல் தூக்கும்போதே வலித்தால், ஆட்டத்தை நிறுத்தி இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று ராக்கெட்டின் நரம்பு: விறைப்பான பொலியெஸ்டரை விட்டு, மென்மையான செயற்கை நரம்பை 50 இறாத்தல் இழுவிசையில் கட்டுங்கள். மற்றது பந்து: 254 சென்ரிமீற்றரிலிருந்து விட்டால் புதிய பந்து 135 முதல் 147 வரை எழும். தலையுயரத்திலிருந்து விட்ட பந்து பாதி உயரமாவது எழாவிட்டால் அதை மென்பந்து கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டையும் மாற்றி, சில வாரம் ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டால் எண்ணெய் தடவிக்கொண்டு ஆடாமல் வைத்தியரைப் பாருங்கள்.