புள்ளி நாயின் சிறுநீர்க் கல்லும் ஒரு பாயின்டர் தந்த மரபணுவும்

கோவையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் வளரும் நான்கு வயது ஆண் டால்மேஷியன் (வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட நாய் இனம்), இரண்டு நாளாக வேப்பமரத்தடியில் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சொட்டுச் சொட்டாகவே சிறுநீர் கழித்ததாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகுதான் கல் அடைத்திருப்பது தெரியவந்ததாம். “மூன்று தலைமுறைப் பெயர்கள் அச்சிட்ட சான்றிதழோடு, நல்ல சாதி நாய் என்று நம்பித்தானே வாங்கினோம்? விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?” என்று கேட்கிறார். விற்றவர் ஏமாற்றவில்லை. சான்றிதழ் உண்மையாக இருப்பதுதான் இங்கே சிக்கலே.

உணவிலும் உடலின் உயிரணுக்களிலும் உள்ள ப்யூரின்கள் என்னும் வேதிப்பொருள்கள் சிதைந்து யூரிக் அமிலமாகின்றன. பெரும்பாலான பாலூட்டிகளின் கல்லீரலில் யூரிகேஸ் என்னும் நொதி அதை, நீரில் எளிதாகக் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடுகிறது. ஆகவே பிற நாய்களின் சிறுநீரில் நாளொன்றுக்கு 10 முதல் 60 மில்லிகிராம் யூரிக் அமிலமே வெளியேறுகிறது; டால்மேஷியனிலோ இது 400 முதல் 600 மில்லிகிராம். இந்த விசித்திரத்தை 1916இல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி பெனடிக்ட். பள்ளி ஆய்வகத்தில் சர்க்கரையைக் கண்டறிய நாம் சூடாக்கிய நீலநிறக் கரைசலுக்குப் பெயர் தந்த அதே பெனடிக்ட்தான்.

நொதி இல்லாததால் வரும் குறை என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் டால்மேஷியனின் கல்லீரலை அரைத்துச் சோதித்தால் யூரிகேஸ் குறைவின்றி இருக்கிறது. 1960களில் டால்மேஷியனுக்கும் பிற நாய்களுக்கும் இடையே சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். யூரிக் அமிலத்தின் அளவு அந்தந்த நாய்க்குரிய அளவிலேயே நின்றது. 1972இல் வெளிவந்த ஆய்வில் கல்லீரலை மாற்றியபோது கதை மாறியது: பிற நாயின் கல்லீரலைப் பெற்ற டால்மேஷியனில் அளவு இறங்கியது, டால்மேஷியனின் கல்லீரலைப் பெற்ற நாயில் ஏறியது. ஆக, குறை இருப்பது கல்லீரலில். ஆனால் நொதியில் இல்லை. அரைக்கும்போது மறைந்துபோகும் ஒன்றில், அதாவது உயிரணுவின் சவ்வில், அது இருந்தாக வேண்டும். யூரிக் அமிலத்தை உள்ளே அழைத்துச்செல்லும் வாயில் அடைபட்டிருந்தது. 2008இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டனிகா பன்னாஷின் குழு அந்த வாயிலுக்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தது: எஸ்எல்சி2ஏ9. அது உருவாக்கும் புரதத்தின் 188ஆம் இடத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபீனைல்அலனின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்திருக்கிறது, பிழை அவ்வளவுதான். (மனிதர்களாகிய நமக்கு நேர்ந்தது வேறு வகை விபத்து. வாயில் நமக்குத் திறந்தே இருக்கிறது. யூரிகேஸ் மரபணுவைத்தான் நம் வாலில்லாக் குரங்கு மூதாதையர் தொலைத்துவிட்டார்கள். நமக்குக் கவுட் என்னும் மூட்டு நோய் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.)

இதே புரதம் சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தை இரத்தத்துக்கு மீட்டுத் தரும் வேலையையும் செய்கிறது. அதுவும் நடக்காததால் எல்லாம் சிறுநீரோடு வெளியேறி, போகிற வழியில் சில நாய்களில் கல்லாகப் படிகிறது. ஆண் நாய்க்கு ஆண்குறியினுள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அதன் அடிப்பள்ளத்தின் வழியே செல்கிறது. எலும்பு விரிந்து கொடுக்காது என்பதால், அரிசிமணி அளவுக் கல்லும் அங்கே வந்து சிக்கிக்கொள்கிறது. பெண் நாயின் குழாய் அகலமானது, குட்டையானது. பெரும்பாலும் கல் தானாகவே வெளியேறிவிடுகிறது.

இந்தக் குறை வெளிப்பட, பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு வர வேண்டும். பொதுவாக ஓர் இனத்தில் சில நாய்களே அப்படி இருக்கும். நல்லவற்றைத் தேர்ந்து இணைசேர்த்தால் போதும். டால்மேஷியனில் இந்த வழி அடைபட்டுவிட்டது, ஏனெனில் இனம் முழுவதுமே இரண்டு பழுதான பிரதிகளைச் சுமந்தது. பெரிய, தெளிவான புள்ளிகளைத் தேடித் தேர்ந்தெடுத்தபோது இந்தத் திரிபும் கூடவே பரவியிருக்கலாம் என்றொரு கருத்து உண்டு. எப்படி வந்திருந்தாலும், இனப் பதிவேட்டில் உள்ள டால்மேஷியன்களை மட்டும் எத்தனை ஆயிரம் முறை இணைசேர்த்தாலும் சரியான பிரதி ஒன்று பிறக்காது. இல்லாததை எங்கிருந்து தேர்ந்தெடுப்பது?

அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973இல் வெளியிலிருந்து கொண்டுவந்தார். பாயின்டர் என்னும் வேட்டை நாய் இனத்தைச் சேர்ந்த ஒரே ஒரு நாயை டால்மேஷியனோடு சேர்த்தார். அந்த ஒரு முறைக்கு மேல் பாயின்டர் தேவைப்படவில்லை. பிறந்த குட்டிகளுக்கெல்லாம் சரியான பிரதி ஒன்று கிடைத்தது. ஒன்றே போதும் என்பதால் யூரிக் அமிலமும் இறங்கியது. புள்ளிகள்தாம் கச்சிதமாக அமையவில்லை. அந்தக் குட்டிகளை மீண்டும் டால்மேஷியனோடு சேர்த்தார். பாதிக் குட்டிகளுக்குச் சரியான பிரதி வரும், பாதிக்கு வராது. மரபணுச் சோதனை இல்லாத காலம். சிறுநீரை அளந்து, குறைந்த யூரிக் அமிலம் உள்ள குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை மறுபடியும் டால்மேஷியனோடு சேர்க்க வேண்டும். பாயின்டரின் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 25, 12.5, 6.25 என்று பாதிபாதியாகக் கரைகிறது. இப்படிப் பதின்மூன்று முறை திரும்பச் சேர்த்தால் கணக்குப்படி மிஞ்சுவது 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்தக் கணக்கை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அது பொய்க்கும் இடம். முத்துச் சரம் ஒன்றும் பவளச் சரம் ஒன்றும் பக்கம் பக்கமாகக் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: முத்து டால்மேஷியனின் மூன்றாம் குரோமோசோம், பவளம் பாயின்டருடையது. அந்த மரபணு பவளச் சரத்தில் ஒரு குறிப்பிட்ட மணி. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது இரு சரங்களும் ஒரே இடத்தில் அறுந்து, முனை மாற்றிக் கட்டப்படுகின்றன. மற்ற 38 இணைகளில் உள்ள பவளங்களுக்கு யாரும் காவல் இல்லை. அவை பாதிபாதியாகத் தொலைகின்றன. இந்த ஒரு மணியை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் நாமே தேடி எடுத்து வைத்துக்கொள்கிறோம். ஆகவே அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் பவளங்களும் அதோடு தப்பிவிடுகின்றன. அறுப்பு மணிக்கு அருகில் விழுந்தால்தான் அந்தத் துண்டு குறுகும். அறுப்பு எங்கே விழும் என்பது பெரும்பாலும் தற்செயல். முதல் சில தலைமுறைகளில் நீண்ட துண்டு சட்டென்று குறைகிறது. பிறகு, துண்டு சிறியதாக ஆக ஆக, அதற்குள் அறுப்பு விழும் வாய்ப்பும் அருகுகிறது. அதனால்தான் மிஞ்சும் பாயின்டர் பங்கு மேலே சொன்ன கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி அந்த மணியைச் சுற்றியே குவிந்திருக்கும்.

பதிவேடுகள் இதற்கு எளிதில் இடம் தரவில்லை. 1981இல், நாய் இனப் பதிவேடுகளை நடத்தும் அமெரிக்கக் கென்னல் கிளப் இந்தக் கிளையில் வந்த இரண்டு நாய்களைப் பதிவுசெய்தது. இன ஆர்வலர்களின் எதிர்ப்பு எழவே கதவு மூடப்பட்டது. மீண்டும் அது திறந்தது 2011இல். பிரிட்டனில் 2010இல் அனுமதி கிடைத்து, மறு ஆண்டு கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இந்தக் கிளையில் வந்த ஃபியோனா என்ற பெண் நாய் களமிறங்கியபோதும் அது கலப்பு நாய் என்று முணுமுணுத்தார்கள். ‘தூய இரத்தம்’ என்பதற்கு உயிரியலில் பொருள் எதுவும் இல்லை. அந்தச் சொல் பதிவேட்டில் மட்டுமே வாழ்கிறது. நாயைப் பற்றிப் பேசும்போதும் நம் வாயில் ‘சாதி’ என்ற சொல்லே முந்திக்கொண்டு வருவதை என்னவென்று சொல்வது! இன்னொன்றும் தோன்றுகிறது: முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகச் சிறுநீரை அளந்து நடத்த வேண்டிய இத்தகைய வேலைக்கு, மூன்றாண்டு முடிந்ததும் அறிக்கை கேட்கும் நம் ஆய்வு நிதித் திட்டங்களில் இடம் கிடைத்திருக்காது.

கலப்பு என்றாலே நலம் என்று இதற்குப் பொருளல்ல. இதே திரிபு புல்டாக்கிலும் கருப்பு ரஷ்ய டெரியரிலும் காணப்படுகிறது. பாயின்டருக்குப் பதிலாக, பழுதான பிரதிகள் இரண்டையும் சுமந்த புல்டாக் ஒன்றைச் சேர்த்திருந்தால் கல்லும் போயிருக்காது, புள்ளியும் போயிருக்கும். லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறந்த குட்டிகள் நோயற்றவை என்று விளம்பரம் செய்கிறார்கள். இடுப்பு மூட்டுக் குறை தாய், தந்தை இரு வழியிலும் இருந்தால் குட்டிக்கும் வரலாம். டால்மேஷியனின் செவிட்டுத்தன்மையும் இந்தக் கலப்பால் தீரவில்லை. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்பதில்லை. உள்காதில் ஒலியைப் பெறும் உயிரணுக்கள் பிழைத்திருக்க நிறமி உயிரணுக்கள் வேண்டும். தோலை வெளுக்கச் செய்யும் மரபணுக்கள் சில வேளை அங்கேயும் அவற்றை இல்லாமல் செய்துவிடுகின்றன. நம் வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில செவிடாகப் பிறப்பதையும் வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

கோவை வாசகியின் நாய்க்கு இப்போது கல்லை அகற்றியாகிவிட்டது. இனி அது நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி வெளியே போக வேண்டும். யூரிக் அமிலம் உருவாவதைத் தடுக்கும் அலோப்யூரினால் மருந்தை மருத்துவர் கொடுத்தால் உணவிலும் ப்யூரின் குறைய வேண்டும். இல்லாவிட்டால் யூரிக் அமிலத்துக்குப் பதிலாக, அதற்கு முந்தைய நிலைப் பொருளான சாந்தைன் கல்லாகப் படியக்கூடும். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று தினமும் வேகவைத்துக் கொடுத்துவந்ததாக அவர் எழுதியிருக்கும், ப்யூரின் மிகுந்த ஈரலை இன்றோடு நிறுத்திவிடலாம்.