கச்சானில் உறங்கும் அறுகு

ஆடி மாதத்தில் திருகோணமலையின் உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஒரு வீட்டு வளவுக்குள் நுழைபவருக்கு, வைக்கோல் நிறத்தில் மொறுமொறுத்துக் கிடக்கும் புற்றரையைக் கண்டதும் அது செத்துவிட்டது என்றே தோன்றும். வீட்டுக்காரரும் அப்படியே எண்ணி, ஒன்றில் நாள்தோறும் குழாய் நீரால் நனைப்பார், அல்லது எல்லாவற்றையும் கிளறி எறிந்துவிட்டுச் சீமெந்துக் கல் பதிப்பார். ஆனால் ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்ததும், விதைப்பார் எவருமின்றி அதே நிலம் இரண்டு கிழமைக்குள் பச்சையாகிவிடும். இடைப்பட்ட காலத்தில் அந்த அறுகம்புல் உறங்கியிருக்கிறது. அந்த உறக்கத்தின் பொறிமுறை விளங்கினால், எந்த மாதத்தில் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதும் பெரும்பாலும் தானாகவே விளங்கும்.

திருகோணமலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கும் அதிகமானது ஐப்பசி முதல் தை வரையான வாடைக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசுவது கச்சான் காற்று. வறுத்துத் தின்னும் கச்சானோடு, அதாவது நிலக்கடலையோடு, அதற்குப் பெயர் மட்டுமே உறவு. தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தை மழையாக இறக்கிவிட்டு, கிழக்குப் பக்கமாகக் கீழிறங்கும்போது அழுத்தத்தால் நெருக்கப்பட்டு, 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வீதம் சூடேறுகிறது. இவ்வாறு வறண்டு கொதித்து வரும் காற்று, இலையை ஒட்டி நிற்கும் மெல்லிய ஈரப்படலத்தை ஓயாமல் அடித்துச் செல்வதால், இலையின் நுண்துளைகளான இலைவாய்களினூடாக நீர் விரைந்து வெளியேறுகிறது.

இவ்வளவு வெப்பத்தில் இங்கிலாந்துப் புற்றரைப் புல் ஒன்று நின்றுபிடிக்காது. ஒளித்தொகுப்பில் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்னும் நொதியம், வெப்பம் ஏற ஏறத் தடுமாறி, காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக ஒட்சிசனைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தாவரம் ஏற்கெனவே சேர்த்த காபனில் ஒரு பங்கை இழக்கிறது. அறுகு, கரும்பு, சோளம் முதலியவற்றிடம் இதற்கொரு மாற்றுவழி உண்டு. 1966இல் அவுஸ்திரேலியாவில் ஹட்ச், ஸ்லாக் ஆகிய இருவரும் கரும்பை ஆராய்ந்து இவ்வழியை விளக்கினர். இலையின் வெளிக்கலங்கள் முதலில் காபனீரொட்சைட்டை நான்கு காபன் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சுற்றி மாலைபோல் அமைந்த உட்கலங்களுக்கு அனுப்ப, அங்கே அது மீண்டும் வெளிப்பட்டு ருபிஸ்கோவைச் சூழ நெருக்கமாக நிறைகிறது. ஒட்சிசனுக்கு இடம் குறைகிறது. இதன் பயனாக இலைவாய்களைக் குறுக்கி வைத்துக்கொண்டே உணவு தயாரிக்க முடிகிறது. ஒரே அளவு உலர்பொருளை உண்டாக்க இவ்வகைப் புல்லுக்குத் தேவைப்படும் நீர், குளிர்நாட்டுப் புல்லின் தேவையில் ஏறத்தாழ அரைவாசிதான்.

அதற்கும் எல்லை உண்டு. மண் மேலும் காயும்போது வேரில் உருவாகும் அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன் மேலேறி இலைவாய்களை மூடிவிடுகிறது, பச்சையம் சிதைகிறது, இலையிலிருந்த நைதரசனில் ஒரு பங்கு கீழே திரும்ப எடுக்கப்படுகிறது. மண்ணுக்குள் படரும் வேர்த்தண்டுக் கிழங்குகளில் மாப்பொருளும், கணுக்களில் அரும்புகளும் உயிரோடிருக்கின்றன. “ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி” என்று மணமக்களை வாழ்த்தியவர்கள் இந்தக் கிழங்குகளைத் தோண்டிப் பார்த்துக் களைத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நாற்றுமேடைகளில் விற்கும் மலேசியன் புல்லோ பெரும்பாலும் நிலத்தின்மேல் ஓடும் தண்டுகளையே நம்பியிருப்பது. மாமர நிழலில் அது அழகு, வெயில் முற்றத்திலோ கச்சான் வந்தால் உண்மையாகவே செத்துப்போகும்.

கச்சான் காலத்தில் செய்யக்கூடாத முதல் காரியம், அரைகுறையாக நீர் தெளிப்பது. கிழமைக்கொரு முறை மேலோட்டமாக நனைத்தால் அரும்புகள் விழித்துத் துளிர்விட்டு, மறுபடி காய்ந்து, சேமித்த மாப்பொருளை வீணே செலவழிக்கும். ஒன்றில் ஆழமாக, ஒழுங்காக ஊற்ற வேண்டும். இல்லையேல் உறங்க விட வேண்டும். கடலோர வளவுகளில் நான் இரண்டாவதையே சொல்வேன். அங்கே நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் வில்லை வடிவான ஒரு படலம். நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. கோடையில் மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலே அடியிலிருந்து உவர் வெகுவாக மேலேறிவிடும். அந்தக் கிணற்று நீரை ஊற்ற, நீர் ஆவியாகி உப்பு மண்ணில் தங்கும். உப்பேறிய மண்ணிலிருந்து வேரால் நீரை இழுக்க முடியாது. நனைந்த நிலத்திலேயே புல் தாகத்தால் வாடும். அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்குவது ஐப்பசி மழை.

வெட்டுவதைப் பற்றி அறிய, திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைப் பார்த்தாலே போதும். அவை நுனியைக் கடித்துச் செல்கின்றன. புல்லின் வளர்முனை அடியில், மண்ணை ஒட்டி இருப்பதால் அது மீண்டும் தள்ளுகிறது. ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுத்தால், இலையை ஈடுசெய்யப் புல் வேர்வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். ஆகவே பங்குனி, சித்திரையிலேயே இயந்திரத்தின் அலகை உயர்த்திவிட வேண்டும். கச்சானுக்கு முன் வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதே புல்லின் மூலதனம்.

கார்த்திகை, மார்கழியில் இடர் வேறு. நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் பரவும் வேகம், காற்றில் உள்ளதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. வேர் மூச்சுத் திணறுகிறது. ஈர நிலத்தில் நடப்பதும் இயந்திரம் உருட்டுவதும் மண் துளைகளை நசுக்கிவிடும். பசளை இடுவதற்கும் அது காலமல்ல: நிலாவெளிப் பக்கத்து மணலில் யூரியா நைத்திரேற்றாக மாறியதும் அடுத்த அடைமழையோடு கீழிறங்கி, அயல்வீட்டுக் கிணற்றைச் சென்றடையும். முதல் மழைக்குப் பின் சிறிது கூட்டெருவைத் தூவி, மீதிப் பசளையைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்வதே நல்லது. அப்போது மண்ணில் ஈரம் உண்டு, வானம் வெளித்துவிட்டது, வெயில் இன்னும் கடுமையாகவில்லை. ஆண்டின் பகற்பொழுது இங்கே ஒரு மணித்தியால அளவே கூடிக் குறைவதால், தை மாதத்து வெளிச்சமும் புல்லுக்குப் போதும்.