விரல் அதேதான், சுருதிதான் வேறு

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "மொட்ஸார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ முதலில் வேறொரு வாத்தியத்துக்காக எழுதப்பட்டதாமே? ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் விரல் வைக்கும் இடமெல்லாம் மாறிவிடாதா?"

மாறாது. அந்த வாத்தியம் ஜி சுருதி பாசெட் ஹார்ன். கிளாரினெட்டின் உறவு, குரல் இன்னும் தாழ்ந்தது. அதற்காக அந்தக் கான்செர்ட்டோவின் (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதல் பகுதியில் 199 பார் (தாளக் கட்டம்) வரை எழுதிவிட்டு, 1791-இல் அதையே எடுத்து கிளாரினெட் கலைஞர் ஆன்டன் ஸ்டாட்லரின் ஏ சுருதி கிளாரினெட்டுக்காக முடித்தார் மொட்ஸார்ட். ஜி-யிலிருந்து ஏ-வுக்குப் போனால் அதிர்வெண் சுமார் 12 சதவீதம் கூடும்; காற்றுத் தம்பம் அந்த அளவுக்குக் குறுகினால் போதும். கட்டை மாற்றிப் பாடும்போது ஸ்வரம் மாறுவதில்லை அல்லவா, அதேபோல் வாசிப்பவர் பார்க்கும் ஸ்வரக்குறிப்பும் விரலும் அப்படியே இருக்கும்.

விரல் பொருந்துவதற்கு ஆழமான காரணம் குழாயின் உள்ளே இருக்கிறது. பிளஸ் ஒன் ஆய்வகத்தில் இசைக்கவையைத் தண்ணீர்க் குழாய்க்கு மேல் பிடித்திருப்பீர்கள். முதல் ஒத்ததிர்வு ஒரு நீளத்தில் வரும், அடுத்தது ஏறத்தாழ மூன்று மடங்கு நீளத்தில். இரண்டு மடங்கில் ஒன்றுமே வராது! பாசெட் ஹார்னைப் போலவே கிளாரினெட்டும் ஒரு முனை மூடிய நேர் உருளைதான். ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) இருக்கும் வாய்ப்பக்கம் மூடிய முனையாகவே நடந்துகொள்கிறது. அங்கே காற்றழுத்தம் உச்சம். திறந்த முனையில் அழுத்த மாற்றம் ஏறக்குறைய சுழி. அதனால் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை மடங்குகளே வலுவாக நிற்கின்றன. இடது கட்டைவிரல் சாவியை அழுத்தினால் ஒரு சிறு துளை திறந்து அடிப்படை அதிர்வைக் குலைத்துவிடும். ஒலி மூன்று மடங்குக்குத் தாவும். கீழே ஸ வாசித்த விரலுக்கு இப்போது மேல் ஸ்தாயி ப பேசும். இந்தத் தாவலை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும்.

நாகஸ்வரம் கூம்பு. அது தாவினால் ஸ மேல் ஸ-வாகும். ஏழு துளைகளே போதும். கிளாரினெட்டில் தாவலுக்கு முன் 19 அரைஸ்வரங்களை நிரப்ப வேண்டும், அதனால்தான் அத்தனை சாவிகள். வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் தேரும் உண்டு, லூர்து மாதா தேர்ப்பவனியும் உண்டு. மேளத்தின் நாகஸ்வரத்தையும் பேண்டு செட்டின் கிளாரினெட்டையும் அங்கே காதுகொடுத்துக் கேளுங்கள். 1920-இலேயே சி. வி. ராமன் மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து எழுதினார். வாத்திய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் என்பவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. நம் கல்லூரி ஆய்வகங்களுக்குள் ஒரு நாகஸ்வரச் சீவாளி போக வேண்டும்.

மொட்ஸார்ட் தன் இசையையே எடுத்தாண்டதில் இன்னொரு பயனும் உண்டு. ஸ்டாட்லரின் கிளாரினெட் வழக்கமானதைவிட நான்கு அரைஸ்வரம் கீழே இறங்கக்கூடியது. மொட்ஸார்ட் முடித்துக் கொடுத்த கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. பின்னால் அச்சிட்டவர்கள் சாதாரண கிளாரினெட்டுக்கு ஏற்ப அந்தத் தாழ்ந்த ஸ்வரங்களை மேலே தூக்கிவிட்டார்கள். இன்று அவற்றை மீட்டு வாசிப்பவர்கள் சாட்சியாக எடுத்துக்கொள்வது, பாசெட் ஹார்னுக்கு எழுதி அவர் பாதியில் நிறுத்திய அந்த 199 பார்களைத்தான்.