மைக் ஏன் ஊளையிடுகிறது?

கல்யாண மண்டபத்தில் வாழ்த்திப் பேச மேடையேறுகிற பெரியவர் கையில் மைக்கைக் கொடுத்துப் பாருங்கள், நெஞ்சுக்குக் கீழேதான் பிடிப்பார். கேட்கவில்லை என்று பின்வரிசையிலிருந்து யாராவது கை காட்டுவார்கள், மைக்செட்காரர் வால்யூமை ஏற்றுவார், அடுத்த நொடியே "கூ..." என்று காதைக் கிழிக்கும் ஊளை. உடனே கூட்டமே திரும்பி மைக்செட்காரரை முறைக்கும். எனக்கு அப்போதெல்லாம் அவருக்காக மனசு கஷ்டப்படும், ஏனென்றால் தப்பு பெரும்பாலும் அவருடையது இல்லை.

மைக் வாங்கும் ஒலி ஆம்ப்ளிஃபையரில் பெருகி ஸ்பீக்கர் வழியாக வெளியே வருகிறது, அதில் கொஞ்சம் திரும்பவும் அதே மைக்குக்குள் நுழைகிறது. சுற்றி வருவதற்குள் அது தேய்ந்துவிட்டால் பிரச்சினையே இல்லை, தானாக அடங்கிவிடும். தேயாமல் கூடிக்கொண்டே வந்தால்தான் ஆபத்து. ஸ்பீக்கர் 3.4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள், ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 10 மில்லி வினாடி போதும், அதாவது வினாடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு 1 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) கூடினால்கூட அரை வினாடியில் 50 டெசிபல் ஏறிவிடும்! யார் கை அதற்குள் வால்யூமைத் தொடும்? டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள்.

எல்லாச் சுருதியும் ஒரே அளவில் திரும்பி வருவதில்லை. சுவர், ஸ்பீக்கர், மைக் மூன்றும் சேர்ந்து சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கின்றன. அவற்றில் எது அலை மேல் அலையாகச் சரியாகப் பொருந்தித் திரும்புகிறதோ அது முந்திக்கொள்கிறது. ஊளை எப்போதும் ஒற்றை ஸ்வரமாகக் கேட்பது அதனால்தான்.

சரி, என்ன செய்வது? முதல் மருந்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே உள்ள தூரம் பாதியாகும்போதெல்லாம் மைக்குக்குள் போகிற குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது. 40 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 18 டெசிபல். அந்த அளவுக்கு வால்யூமை இறக்கிவிடலாம், கூட்டத்துக்குக் கேட்பது குறையாது, ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வருவது மட்டும் குறையும். ஒரு விழாவில் மைக்செட்காரர் ஒருவர் மேடையேறி, "ஐயா, கொஞ்சம் வாய்க்குக் கிட்ட" என்று பெரியவரின் மணிக்கட்டைத் தொட்டு மோவாய் வரை உயர்த்திவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் கடைசி வரை ஒரு சத்தம் இல்லை.

அடுத்தது கையின் பிடி. பாடகர்களின் மைக் பெரும்பாலும் முன்பக்க ஒலியை நன்றாக வாங்கி, பின்பக்கத்தை ஒதுக்கும். எப்படி ஒதுக்குகிறது? வலைக்குப் பின்னே உள்ள துளைகள் வழியாகவும் ஒலி உள்ளே போய், பின்னாலிருந்து வருவதை அதைக் கொண்டே அழித்துவிடுகிறது. ஊளை கேட்டதும் பதறி மைக்கின் தலையைக் கையால் பொத்துகிறோமே, அப்போது அந்தத் துளைகள் அடைபட்டு மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்து ஊளை இன்னும் பெரிதாகிறது. பொத்தவே பொத்தாதீர்கள், ஸ்பீக்கருக்கு நேராகவும் நீட்டாதீர்கள்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கையும் முக்கியம். அது இரட்டிப்பாகும்போதெல்லாம், ஊளை வராமல் வால்யூமை ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் பறிபோகும். பட்டிமன்ற மேடையில் எட்டு மைக் திறந்து கிடந்தால், ஒரே மைக்கோடு ஒப்பிட 9 டெசிபல் நஷ்டம். பேசாதவர் மைக்கை அணைத்து வைப்பது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஈக்வலைசர், அதாவது ஒலியை அதிர்வெண் வாரியாகப் பல பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி. கூட்டம் வருவதற்கு முன் வால்யூமை மெல்ல ஏற்றி, எந்த இடத்தில் முனகல் கிளம்புகிறதோ 31 பட்டைகளில் அந்தப் பட்டையை மட்டும் 3 டெசிபல் போல இறக்குவார்கள். மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மேலும் மேலும் வெட்டினால் குரலின் உயிரே போய்விடும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. 1960களில் இயற்பியலாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் சொன்ன வழி: ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் அதிர்வெண்ணைச் சுமார் 5 ஹெர்ட்ஸ் நகர்த்திவிடுவது. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி இடம் மாறிவிடுவதால் ஒரே ஸ்வரம் ஊறிப் பெருக முடியாது. பேச்சுக்கு இது அருமை, கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. கச்சேரிக்கு மட்டும் வேண்டாம். 262 ஹெர்ட்ஸில் நிற்கும் ஷட்ஜம் 267 ஆகி வெளியே வந்தால், மேடையில் ஒலிக்கும் தம்புராவோடு மோதி வினாடிக்கு ஐந்து முறை அதிரும்.